நாற்சார் வீட்டில் தங்கப் போகிறீர்களா?

யாழ்ப்பாணத்தில், நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய பழைய நாற்சார் வீடுகள் சில இப்போது விருந்தினர் விடுதிகளாகியிருக்கின்றன. நாலைந்து அறைதான் இருக்கும். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாவின் 25 நாட்களில், அதுவும் தேர், தீர்த்தத்தை ஒட்டி, கடைசி நேரத்தில் தேடினால் இடம் கிடைப்பது கஷ்டம். இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்லிவையுங்கள்.

பதிவு செய்யமுன் ஒன்று கேளுங்கள்: குளியலறை அறையோடு சேர்ந்ததா, வளவுக்குள் தனியாகவா? நான் கேட்காமல் போய், நடுச்சாமத்தில் மழைக்குள் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அறைகள் நடு முற்றத்தைப் பார்த்தே இருக்கும். காற்று நன்றாக வரும், பக்கத்து அறைக் குறட்டையும் வரும். சித்திரை வெக்கையில் போவதென்றால் ஏசி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

காலையில் புட்டும் சொதியும் வேண்டுமென்றால் முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாணும் முட்டையும்தான். திருவிழாக் காலத்தில் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை.

அப்புறம், கொழும்பு இரவு பஸ் விடியப்புறத்திலேயே இறக்கிவிடும். அந்நேரம் கேற்றைத் திறக்க ஆள் இருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.