மோட் என்றால் எந்த மோட்? குழம்பாமல் பிரித்துப் பார்ப்பது எப்படி

கீபோர்டு சொல்லித் தருபவர் மோட் என்கிறார், ஸ்டுடியோ அமைப்பவரும் மோட் என்கிறார், மென்பொருள் மெனுவிலும் அதே சொல். ரெக்கார்டிங் பழக வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் தீரும். டோரியன், லிடியன் என்று மேற்கத்திய ஸ்வர வரிசைகளின் பெயர் வந்தால் பேச்சு ஸ்வரத்தைப் பற்றியது. ஹெர்ட்ஸ், அடி, சுவர் என்று வந்தால் அறையைப் பற்றியது. சேனல், மிடி (கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) என்று வந்தால் அது வெறும் செட்டிங்.

ஸ்வர மோட் புரிய வெள்ளைக் கட்டைகள் போதும். சி-யிலிருந்து சி வரை வாசித்தால் சங்கராபரணம். அதே கட்டைகளை டி-யில் தொடங்கி டி-யில் முடித்தால் டோரியன், நம் கணக்கில் கரகரப்பிரியா. ஈ-யில் தோடி, எஃப்-இல் கல்யாணி, ஜி-யில் அரிகாம்போதி, ஏ-யில் நடபைரவி. கிரக பேதம், அதாவது ஸட்ஜத்தை வேறு ஸ்வரத்துக்கு மாற்றி வேறு ராகம் காட்டுவது, தெரிந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. பி-யில் தொடங்கினால் மட்டும் பஞ்சமம் கிடைக்காது, அதனால் அதற்கு மேளகர்த்தா (தாய் ராகம்) கிடையாது. ஆனால் பலர் விடும் தவறு ஒன்று இருக்கிறது: ஸ்ருதி இல்லாமல் டி-யிலிருந்து டி வரை வாசித்துவிட்டு, எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறதே என்பார்கள். காது பழைய சி-யையே ஸட்ஜமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். தம்புரா ஆப்பை டி-யில் ஓடவிட்டு வாசியுங்கள், அப்போதுதான் நிறம் மாறும். ஸ்வரம் ஒன்றுதான் என்பதற்காக டோரியனும் கரகரப்பிரியாவும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள், கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, இல்லாமல் ராகம் ஏது?

மிடியில் ஆம்னி மோட் என்று இருந்தால், அந்தக் கருவி 16 சேனலில் எதில் செய்தி வந்தாலும் ஒலிக்கும் என்று பொருள். ஒரு கீபோர்டைத் தொட்டால் இரண்டு கருவி சேர்ந்து ஒலிக்கிறதா? ஆம்னியை அணைத்து, ஆளுக்கொரு சேனல் கொடுங்கள். ரெக்கார்டிங் மென்பொருளான புரோ டூல்ஸில் ஷஃபிள் மோட் இருக்கும்போது ஒரு துண்டை அழித்தால் பின்னால் இருப்பதெல்லாம் நகர்ந்து வந்து இடத்தை நிரப்பும், பாட்டு தாளத்தை விட்டு விலகிவிடும். மற்றவை நகராத ஸ்லிப் மோடுக்கு மாற்றிவிட்டு வெட்டுங்கள்.

அப்புறம் அறை. இதுதான் மிக்ஸைக் கெடுப்பது, இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில அதிர்வெண்கள் மட்டும் தேங்கி நிற்கும், அவைதான் அறை மோட்கள். கணக்கு சுலபம்: 565-ஐ அந்தச் சுவர்களுக்கு நடுவே உள்ள அடிக்கணக்கால் வகுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 1130 அடி ஓடுகிறது, அதில் பாதி அது. என் அறை 13 அடி நீளம், 10 அடி அகலம், உயரமும் 10 அடி. நீளத்துக்கு 43 ஹெர்ட்ஸ் வருகிறது. அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒரே 56 என்பதால் அந்த இடத்தில் பேஸ் இரண்டு மடங்காக வீங்குகிறது.

கேட்டுப் பாருங்கள். என் அறை அளவை வைத்தே சொல்கிறேன், உங்கள் அறைக்கு உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே அதிர்வெண்ணை ஒலிக்கவைக்கும் டோன் ஜெனரேட்டரில் 43 ஹெர்ட்ஸ் வைத்து (அவ்வளவு கீழே உங்கள் ஸ்பீக்கர் இறங்காவிட்டால் 86), அறையின் நீளவாக்கில் மெதுவாக நடங்கள். 43-இல் சுவரோரம் உறுமும், நடுவில், ஆறரை அடியில், ஏறக்குறைய காணாமல் போகும். 86-இல் நடுவில் உறுமும், கால்வாசித் தூரத்தில் அடங்கும். நடுவில் உட்கார்ந்துகொண்டு, பேஸ் போதவில்லை என்று ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஏற்றினால் அந்தப் பள்ளம் நிரம்பாது, மற்ற இடங்களில்தான் இடிக்கும். முட்டை அட்டை ஒட்டுவதும் இந்த அதிர்வெண்களை ஒன்றும் செய்யாது. மூலைகளில் கனமான ராக்வுல் (ஒலியை உறிஞ்சும் கல்நார் போன்ற பஞ்சுப் பலகை) வைக்கலாம். அதற்கு முன்னால் நாற்காலியை முன்சுவரிலிருந்து 5 அடி தூரத்தில் போட்டு, அதே டோனை மறுபடி ஓடவிட்டு, அரை அடி முன்னும் பின்னும் நகர்ந்து, சமமாகக் கேட்கும் இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள்.