மேலும் மேலும் ‘மேலும்’

திங்கட்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீஸில் கொடுக்க ஒருவர் இப்படி மனு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். மேலும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுந்துள்ளது. மேலும் ஒகேனக்கல் குடிநீர் பத்து நாளாக வரவில்லை. மேலும் போர் தண்ணீரையே குடிக்கிறோம்.”

நான்கும் உண்மைதான். ஆனால் எது காரணம், எது விளைவு என்று படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘மேலும்’ என்பது இன்னொன்றை அடுக்கும், அவ்வளவுதான். இதையே “ஒகேனக்கல் குடிநீர் பத்து நாளாக வராததால் ஃப்ளூரைடு கலந்த போர் தண்ணீரையே குடிக்கிறோம். பிள்ளைகளின் பல்லில் ஏற்கெனவே பழுப்புக் கறை விழுந்திருக்கிறது” என்று எழுதலாம். மூன்று ‘மேலும்’களும் போயின. கேட்க வந்தது குடிநீர் என்பதும் முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

‘வராததால்’ செய்த வேலை அது. தமிழில் வினையின் வாலிலேயே இணைப்பு இருக்கிறது: பெய்து, பெய்ததால், பெய்தால், பெய்தும். “மழை பெய்தது. இருப்பினும் ஏரி நிரம்பவில்லை” என்பதைவிட “மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை” கச்சிதம். வரிக்கு வரி இணைப்புச் சொல் போட்டால் கட்டுரைக்கு மார்க் கூடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ!

‘எனவே’ இன்னும் ஆபத்து. அது பொய் சொல்ல வைக்கும். “1965-இல் தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. எனவே 2004-இல் கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது.” ஆண்டுகள் இரண்டும் சரி, நடுவில் உள்ள சொல்தான் தப்பு. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததே தவிர, ஒன்றால் மற்றொன்று நடக்கவில்லை. ‘பிறகு’ போதும். சந்தேகம் வந்தால் இரண்டாவது வாக்கியத்தை ‘ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாக்கியம் பதிலாக வந்தால் மட்டும் ‘எனவே’. “காவிரியில் நீர்வரத்து கூடியது. எனவே பரிசல் ஓட்டத் தடை” என்பது தேறிவிடும்.

“கிருஷ்ணகிரியில் மா விளைச்சல் அதிகம். ஆனால் மாங்கூழ் ஆலைகளும் உண்டு” என்பதில் என்ன முரண்? மா விளைவதால்தானே ஆலை.

‘ஏனெனில்’ என்று தொடங்கி ‘என்ற காரணத்தினால்’ என்று முடிக்கிறார்கள். ஒன்றை அடித்துவிடுங்கள்.

அப்புறம் ‘மற்றும்’. “ராகி, சாமை மற்றும் புளி” எதற்கு? “ராகியும் சாமையும் புளியும்” என்றால் சரி. பட்டியல் நீண்டால் காற்புள்ளி போட்டுக்கொண்டே போய், கடைசியில் ‘ஆகியவை’ சேர்த்துக்கொள்ளலாம்.