சர்க்கரையா, வெல்லமா? கூகுள் ட்ரெண்ட்ஸைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்

எங்கள் ஆலை மறையூரில். மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் ரோட்டில், சின்னாறு காட்டுக்கு முன்னால் வருகிற ஊர். மாவட்டம் இடுக்கி, கடை போர்டெல்லாம் மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ். கரும்புப் பாலைக் கொப்பரையில் காய்ச்சி, பாகு இறுகியதும் சூட்டோடு கையால் உருட்டுகிற உருண்டை வெல்லம்தான் எங்கள் சரக்கு. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு.

ஃபேஸ்புக்கில் பக்கம் திறந்தபோது "மறையூர் சர்க்கரை" என்று தமிழில் பெயர் வைத்தேன். மலையாளத்தில் வெல்லத்துக்கு 'சர்க்கர' என்றுதானே பேர், கடைசி எழுத்தை 'ரை' ஆக்கினால் தமிழாகிவிடும் என்று நினைப்பு. முதல் வாரம் வந்த விசாரிப்பில் பாதி, "சுகர் இருக்கறவங்க சாப்பிடலாமா?" ஒருவர் விலை கேட்டுவிட்டு, "நல்லா வெள்ளையா இருக்குங்களா?" என்றார். அவருக்கு வேண்டியது சீனி.

அப்புறம் ஒரு மார்க்கெட்டிங் ஆள் கூகுளில் முதல் இடம் வாங்கித் தருகிறேன் என்றார். எந்தச் சொல்லுக்கு முதல் இடம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பணம் போனது. அதற்குப் பிறகுதான் கூகுள் ட்ரெண்ட்ஸ் பக்கம் ஒதுங்கினேன். எந்தச் சொல்லை மக்கள் எப்போது, எங்கே கூடுதலாகத் தேடுகிறார்கள் என்று கூகுளே காட்டுகிற பக்கம் அது. காசு கிடையாது, லாகின்கூட வேண்டாம். நான் பழகிய வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: திறந்ததும் நாட்டை மாற்றுங்கள்

கூகுளில் 'கூகுள் ட்ரெண்ட்ஸ்' என்று தேடித் திறந்து, 'எக்ஸ்ப்ளோர்' பகுதிக்குப் போங்கள். நாடு வேறு ஏதாவது இருந்தால் இந்தியா என்று மாற்றுங்கள். காலத்தை ஐந்து வருஷம் என்று வையுங்கள். 2004 முதல் பார்க்க முடியும், ஆனால் நம் வியாபாரத்துக்கு ஐந்து வருஷம் போதும்.

படி 2: 100 என்றால் நூறு பேர் இல்லை

ஒரு சொல்லைப் போட்டதும் 0 முதல் 100 வரை ஏறி இறங்கும் ஒரு கோடு வரும். இதை எண்ணிக்கை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் எடுத்த காலத்தில் அந்தச் சொல் உச்சியில் இருந்த வாரத்தை 100 என்று வைத்து, மற்ற வாரங்களை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. சந்தைக்கு வந்ததில் பெரிய மூட்டையை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற மூட்டைகளுக்கு எண் கொடுப்பது மாதிரி. அதுவும் தேடியவர்களின் தொகை இல்லை, அந்தந்த இடத்தில் நடந்த மொத்தத் தேடலில் அந்தச் சொல்லின் பங்கு. அதனால் மேப்பில் கேரளா தமிழ்நாட்டைவிட மேலே இருந்தால், கேரளாவில் அதிகம் பேர் தேடினார்கள் என்று முடிவு கட்டக் கூடாது.

0 வந்தாலும் யாருமே தேடவில்லை என்று பொருள் இல்லை. காட்டுகிற அளவுக்குத் தேடல் இல்லை, அவ்வளவுதான். சின்ன ஊர்ப் பெயரோடு சேர்த்துப் போட்டால் பல நேரம் கோடு தரையிலேயே கிடக்கும். அப்போது ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி என்று பெரிய சொல்லாகப் போடுங்கள்.

படி 3: சொல்லைத் தேர்ந்தெடுப்பது

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது, நிதானமாகச் செய்யுங்கள். ஒரே நேரத்தில் பல சொற்களை ஒப்பிடலாம். தமிழ் எழுத்தில் 'வெல்லம்', 'சர்க்கரை', மலையாள எழுத்தில் 'சர்க்கர' மூன்றையும் போடுங்கள். கீழே 'தொடர்புடைய தேடல்கள்' என்று ஒரு பட்டியல் வரும். எனக்குக் கண் திறந்தது அங்கேதான். தமிழ்ச் 'சர்க்கரை'க்குக் கீழே சர்க்கரை நோய், சர்க்கரை அளவு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நின்றது. எங்கள் உருண்டையைத் தேடி வந்தவர் அதில் ஒருவரும் இல்லை. நான் ஆஸ்பத்திரி வாசலில் வெல்லக் கடை போட்டிருந்திருக்கிறேன்.

அடுத்து ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள். அவர்களுக்கு வெல்லமும் வெள்ளமும் ஒரே ஸ்பெல்லிங். தமிழில் வெள்ளம் என்றால் ஊரை அடிக்கும் தண்ணீர், மலையாளத்தில் குடிக்கிற தண்ணீர். அந்த ஸ்பெல்லிங்கை மட்டும் நம்பிக் கோட்டைப் படித்தால், மழைக்காலத்தில் வெல்லம் அமோகமாக விற்கப்போகிறது என்று சரக்கு கட்டிவிடுவீர்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு. தேடும் பெட்டியில் வெல்லத்தின் ஆங்கிலப் பேரான 'ஜாகரி' என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் கீழே இரண்டு விதமாகக் காட்டும். ஒன்று 'சர்ச் டேர்ம்', அதாவது நீங்கள் தட்டிய அதே சொல். இன்னொன்று 'டாபிக்', எந்த மொழியில் தேடியிருந்தாலும் அந்தப் பொருளையே ஒன்றாகச் சேர்த்த கணக்கு. சீசன் பார்க்க டாபிக். பெயர் வைக்க, பதிவு எழுத சர்ச் டேர்ம்.

ட்ரெண்ட்ஸ் காட்டியதைக் கடையிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, "சேட்டா, நல்ல சர்க்கர உண்டோ?" என்பார். பின்னாலேயே வரும் உடுமலைக்காரர், "ஏனுங்கண்ணா, உருண்டை வெல்லம் இருக்குங்களா?" என்பார். ஒரே கூடையைத்தான் இரண்டு பேரும் கை காட்டுகிறார்கள்.

படி 4: பண்டிகை மேடு

இடத்தைத் தமிழ்நாடு என்று வைத்து 'சர்க்கரைப் பொங்கல்' போட்டுப் பாருங்கள். ஜனவரியில் ஒரு மேடு நிற்கும், வருஷா வருஷம் அதே இடம். கேரளா என்று மாற்றி, மலையாள எழுத்தில் 'ஓணசத்ய' (ஓண விருந்து) போடுங்கள். அந்த மேடு நகரும். திருவோணம் 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5. போன வருஷம் பதிவு போட்ட தேதியிலேயே இந்த வருஷமும் போட்டால், வாங்குகிறவர் பாயசத்தைக் குடித்து முடித்திருப்பார். பார்சல் போய்ச் சேரும் நாளையும் கணக்கில் வைத்து, மேட்டுக்கு மூன்று வாரம் முன்னாடி பதிவு போடுவது என் வழக்கம்.

படி 5: யூடியூப் பக்கம் மாற்றிப் பாருங்கள்

'வெப் சர்ச்' என்று இருப்பதை 'யூடியூப் சர்ச்' என்று மாற்றலாம். சமையல் சொற்களுக்கு இதுதான் சரி. டிக்டாக் 2020 ஜூனில் தடையானது, ஜூலையில் இங்கே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தன. அன்றிலிருந்து சின்ன வீடியோதான் ராஜா. நான் டான்ஸ் எல்லாம் ஆடுவதில்லை. கொதிக்கிற பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பதை எடுத்துப் போட்டேன், அதற்கு வந்த கேள்விக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

'தொடர்புடைய தேடல்கள்' பட்டியலில் சில சொற்களுக்குப் பக்கத்தில் 'பிரேக்அவுட்' என்று இருக்கும். அந்தத் தேடல் 5,000 சதவீதத்துக்கு மேல் கூடியது என்று பொருள். ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து கொஞ்சம் கூடினாலும் இப்படி வரும். அதைப் பார்த்துவிட்டுப் புது அச்சு, புது பாக்கெட் என்று ஓடாதீர்கள்.

படி 6: கிடைத்த சொல்லை எங்கே வைப்பது

கூகுள் மேப்பிலும் தேடலிலும் நம் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடைப் பெயராக போர்டில் இருக்கும் பெயரை மட்டும் போடுங்கள். தேடுசொற்களைப் பெயரில் ஒட்டவைப்பது கூகுள் விதிக்கு விரோதம். விவரணையிலும் பொருள் பட்டியலிலும் தாராளமாக எழுதலாம். வாட்ஸாப் பிசினஸ் கேட்டலாக்கில் நான் ஒரே உருண்டைக்கு இரண்டு பதிவு வைத்திருக்கிறேன்: தமிழில் 'மறையூர் உருண்டை வெல்லம்', மலையாளத்தில் 'மறையூர் சர்க்கர'. ஃபோட்டோ ஒன்றே, விலையும் ஒன்றே.

ஃபேஸ்புக் பக்கத்தின் பெயரையும் மாற்றியாயிற்று. சுகர் பற்றிய கேள்வி இப்போதும் வாரத்துக்கு ஒன்று வருகிறது. டாக்டரைக் கேளுங்கள் என்று எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.