தூண்டில் ஈ கட்ட நாட்டுச் சேவலின் இறகு: தேர்வும் பதப்படுத்தலும்

பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து தெமெங்கோர் ஏரிக்குச் செபராவ் மீன் பிடிக்கச் செல்பவர்கள், தூண்டில் ஈக்கான (பூச்சியோ மீன்குஞ்சோ போலத் தோன்ற முள்ளில் இறகு கட்டிச் செய்யும் போலி இரைக்கான) இறகை விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. தோட்டத்து லயங்களைச் சுற்றி மேயும் கம்பத்துச் சேவல்களிடமே போதிய இறகு இருக்கிறது. ஆனால் நம் ஊர் ஈரத்தில், இறகைத் தேர்ந்தெடுப்பதைவிட அதைக் காயவைத்துப் பூச்சியின்றிக் காப்பதே கடினமான வேலை.

ஏறத்தாழ ஒரு வயது நிரம்பிய சேவலே ஏற்றது. கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை பிராய்லர் ஐந்தாறு வாரங்களிலேயே வெட்டப்படுவதால், அதன் கழுத்திறகு வளர்ந்திருக்காது. அங்கே வெந்நீரில் முக்கி இயந்திரத்தில் உரிப்பதால் இறகு முறிந்தும் போகும். எனவே நாட்டுச் சேவலை அறுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, வெந்நீர் படுவதற்கு முன் கழுத்திலும் முதுகின் பின்பகுதியிலும் உள்ள இறகுகளை உலர்ந்த நிலையிலேயே பிடுங்கிக்கொள்ள வேண்டும். நோயுற்றோ, காரணம் தெரியாமலோ இறந்த கோழியைத் தொடவே கூடாது.

நீரின் மேல் மிதக்கும் ஈக்கு, விறைத்த இழைகளும் பளபளப்பும் கொண்ட குறுகிய இறகு தேவை. நடுத்தண்டை வளைத்தால் இழைகள் தனித்தனியாக நிமிர்ந்து நிற்க வேண்டும்; தண்டையொட்டி மங்கலாகத் தெரியும் மென்பகுதி அதிகமானால் அது நீரை உறிஞ்சும். இழையின் நீளம் தூண்டில் முள்ளின் வாயகலத்தைப்போல் (கூர்முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியைப்போல்) ஒன்றரை மடங்கு இருப்பது வழக்கம். நம் சேவல்களில் சிறிய முள்ளுக்கான இறகு குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் செபராவுக்கும் தோமான் மீனுக்கும் மீன்குஞ்சு வடிவில் கட்டும் பெரிய ஈக்கு, முதுகின் பின்பகுதியிலுள்ள நீண்ட மெல்லிறகு மிகப் பொருத்தம். மூழ்கும் ஈக்குப் பெட்டைக்கோழியின் மென்மையான கழுத்திறகே மேல்.

ஈயின் உடலைச் சுற்ற மயிலிறகு இழை உதவும். தைப்பூசம் முடிந்தபின் மயில் காவடியிலிருந்து கழிக்கப்படும் இறகுகளை, காவடி எடுத்தவரிடம் கேட்டு வாங்கலாம். இருவாட்சி போன்ற காட்டுப்பறவைகளின் இறகை, காட்டில் உதிர்ந்து கிடந்தாலும், எடுக்க வேண்டாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றின் உறுப்புகளுக்கும் பொருந்தும்.

கையுறை அணிந்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் கலந்து இறகுகளை மெல்ல அலச வேண்டும். கசக்கினால் இழைகள் பிரிந்துவிடும். நுரை முற்றிலும் போகும்வரை நல்ல நீரில் அலசி, துணியில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் பரப்பி உலர்த்தலாம். சாயம் ஏற்ற விரும்புபவர்கள் எண்ணெய்ப்பசை நீங்கிய இந்த நிலையிலேயே செய்துவிட வேண்டும்: கம்பளிக்கான சாயத்துடன் சிறிது வினிகர் சேர்த்து, நீர் கொதிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தண்டின் அடிப்பகுதிவரை உலர்ந்த இறகை உறையில் காற்றுப்புகாமல் மூடி, மைனஸ் 18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் உறையவைத்தால் செள்ளும் வண்டுப்புழுவும் அழியும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல், அறையின் வெப்பநிலைக்கு வந்தபின் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் இறகில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். பிறகு அளவுவாரியாகப் பிரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக்கமான டப்பாவில் வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அந்தப் பொட்டலத்தை மாற்றிவர வேண்டும்.