கரண்ட் போனதும் பயமும் போய்விடக் கூடாது

புயல் என்றால் வடசென்னையில் நாம் முதலில் கேட்பது, ‘கரண்ட் எப்போ வரும்?’ என்பதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, மணலி பக்கமெல்லாம் அந்தக் கேள்விதான். இருட்டில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே நினைப்பில் தொடங்குகின்றன: கரண்ட்தான் இல்லையே, என்ன ஆகிவிடும்?

அன்று எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் வரத் தொடங்கியதும் மெயினை அணைத்துவிட்டோம். சரி, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். ஆனால் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, சுவரோரம் இருந்த சுவிட்ச் பெட்டியில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அம்மா காட்டிய பிறகுதான் இன்வெர்ட்டர் ஞாபகம் வந்தது. மெயின் அணைந்தாலும் இன்வெர்ட்டர் லைனில் அதே 230 வோல்ட் ஓடும். தண்ணீர் உள்ளே வருவதற்கு முன், கையும் காலும் உலர்ந்திருக்கும்போதே இரண்டையும் அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் தேங்கிவிட்டால் அணைக்கப் போகாதீர்கள். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பலகை இருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் இதேதான்.

தெருவில் இன்னும் பெரிய ஆபத்து பில்லர் பாக்ஸ். நம் பக்கம் பல தெருக்களில் கேபிள் தரைக்கடியில் போகிறது. ஓரத்தில் நிற்கும் அந்த இரும்புப் பெட்டியிலிருந்துதான் வீடுகளுக்குப் பிரிகிறது. முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது தடுமாறினால் கை தானாக அதைத்தான் பிடிக்கும். தெருவிளக்கு எரியவில்லை என்பதால் பெட்டிக்குள் மின்சாரம் இல்லை என்று ஆகாது. 2017 நவம்பரில் கொடுங்கையூரில் மழைத் தண்ணீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள். தேங்கிய தண்ணீரில் குழந்தைகள் ஆடுவதைப் பார்த்தால் இன்றும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. தயவுசெய்து உள்ளே கூப்பிட்டுவிடுங்கள்.

கம்பி அறுந்து கிடந்தால் கட்டையால் தள்ளிப் பார்ப்பதும் வேண்டாம். தூர நின்று மற்றவர்களைத் தடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் கூப்பிடுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் தொட வேண்டும்.

காற்று நின்றதும் வெளியே வருவதும் தவறுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, நம் ஊரைக் கடந்தபோது கொஞ்ச நேரம் அடங்கிய காற்று, அப்புறம் எதிர்த் திசையிலிருந்து அடித்தது.

ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமலே ஆளைக் கொல்லும். அதன் வயரை வீட்டு பிளக்கில் சொருகுவதும் கூடாது. அந்தக் கரண்ட் தெரு லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறி நமக்காக வேலை செய்யும் லைன்மேனைத் தாக்கும்.

கடைசியில் தெருவே ‘வந்துடுச்சு!’ என்று கத்தும் நேரம். சுவிட்ச் பலகை நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மெயினைப் போடாதீர்கள். நனையாத வீட்டிலும் ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் ஒரு பல்பு, ஒரு ஃபேன் மட்டும் போட்டுப் பாருங்கள். பல்பு கண் கூசுகிற மாதிரி எரிந்தாலோ, ஃபேன் தாறுமாறாகச் சுற்றினாலோ மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். உடனே மெயினை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுங்கள்.