இரட்டையர் டென்னிஸை நோட்டில் எழுதிக்கொண்டே பார்ப்பது எப்படி?

பெங்களூரு ஓப்பன் நடக்கும் வாரத்தில் கப்பன் பார்க்கில் உள்ள கர்நாடக டென்னிஸ் சங்கத்தின் (கே.எஸ்.எல்.டி.ஏ.) மைதானத்துக்குப் போனால் தமிழ்க் குரல்கள் நிறையக் காதில் விழும். அல்சூரில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம், அவ்வளவுதான். ஆனால் ஒற்றையர் ஆட்டம் முடிந்து இரட்டையர் தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். "நாலு பேர் ஓடுறாங்க, என்ன நடக்குதுன்னே புரியல" என்பார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். இந்த ஊர்க்காரர் ரோகன் போபண்ணா 43 வயதில் மாத்யூ எப்டனோடு சேர்ந்து 2024 ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றது இரட்டையரில். நம் சென்னைப் பையன் ராம்குமார் ராமநாதன் 2020-இல் இதே கப்பன் பார்க்கில் பூரவ் ராஜாவோடு கோப்பை வாங்கியதும் இரட்டையரில்தான். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர்கள் லியாண்டர் பயஸும் எப்டனும். ஸ்கோர் 6-0, 6-3.

எனக்கும் முதலில் புரியவில்லை. நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகுதான் பிடிபட்டது. அந்த முறையை அப்படியே சொல்கிறேன். 15, 30, 40 கணக்கு உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்ன வேண்டும்

கட்டம் போட்ட கணக்கு நோட்டு, 2பி பென்சில், ரப்பர். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும். போன் செயலிகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சர்வ் முடிந்து பந்து திரும்பி வரும் அந்த ஒரு நொடியில்தான் இரட்டையர் ஆட்டமே இருக்கிறது, அப்போது கண் திரையில் இருக்கக் கூடாது.

முதல் படி: நாலு பத்தி, மூன்று வரிசை

ஒரு செட்டுக்கு நாலு பத்தி, மூன்று வரிசை போடுங்கள். மொத்தம் 12 கட்டம், ஒரு கட்டம் ஒரு கேம். 12 கேம் முடிந்தால் ஒன்று 7-5, இல்லாவிட்டால் 6-6. அதற்கு மேல் டை-பிரேக்தான், அதாவது புள்ளிகளை மட்டும் எண்ணி செட்டை முடிப்பது. அதனால் கட்டம் பற்றாமல் போகாது.

அ, ஆ ஒரு ஜோடி. க, ச இன்னொரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். முதல் கேமில் அ சர்வ் போட்டால் முதல் பத்திக்கு மேல் அவர் பெயர். இரண்டாவதில் க. மூன்றாவதில் ஆ, நான்காவதில் ச. ஐந்தாவது கேமுக்கு மறுபடி அ வருவார், அவர் பெயருக்குக் கீழேயே இரண்டாவது வரிசை தொடங்கும். ஆக ஒரு பத்தியை மேலிருந்து கீழே படித்தால் ஒரே ஆளின் சர்வ் எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். சர்வ் போட்ட ஜோடி கேமை ஜெயித்தால் ஒரு கோடு, தோற்றால் வட்டம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருப்பதால் காற்று லேசு, பந்து வேகமாகப் போகும், சர்வ் போடுபவருக்கு அது லாபம். அதனால் வட்டம் அரிதாகத்தான் விழும். ஒரு வட்டம் விழுந்தால் செட்டே அங்கே முடிந்துபோகலாம்.

இரண்டாம் படி: சர்வ் வரிசை. நான் மாட்டிக்கொண்ட இடம்

ஒரு நாள் மதிய ஆட்டம். முதல் செட் முழுக்க ஒழுங்காக எழுதினேன். இரண்டாவது செட்டில் திடீரென்று வரிசை மாறிவிட்டது, வலப்பக்கம் நின்று பந்தை வாங்கியவர் இடப்பக்கம் போய்விட்டார். நடுவர் கவனிக்கவில்லையோ என்று நினைத்து, பழைய வரிசையிலேயே எழுதிக்கொண்டு போனேன். பக்கம் முழுவதும் தப்பாகிவிட்டது.

விதி இதுதான். செட் தொடங்கும்போது ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்குள் யார் முதலில் சர்வ் போடுவது, யார் எந்தப் பக்கம் நின்று வாங்குவது என்று முடிவு செய்யும். அந்த செட் முடியும்வரை மாற்ற முடியாது. அடுத்த செட்டில் புதிதாக முடிவு செய்யலாம். ஆகவே செட் முடிந்ததும் பெயர்களை எழுதாமல் காத்திருங்கள். முதல் நாலு கேமைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஏன் மாற்றுகிறார்கள்? இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கேம் எண் ஒற்றைப்படையாக இருக்கும்போது, அதாவது 1, 3, 5 முடிந்ததும், ஜோடிகள் மைதானத்தின் முனை மாறும். நாலு பேர் முறை வைத்துச் சர்வ் போடுவார்கள். இரண்டையும் சேர்த்துத் தாளில் போட்டுப் பாருங்கள்: ஒரு செட்டில் ஒருவர் எப்போதும் மைதானத்தின் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுவார். முதல் இரண்டு பத்திக்காரர்கள் ஒரு முனை, அடுத்த இரண்டு பேர் எதிர் முனை. பந்தைத் தூக்கிப் போடும்போது ஒரு முனையில் வெயில் கண்ணில் அடிக்கும், இன்னொன்றில் அடிக்காது. இடக்கைக்காரர் பந்தைத் தூக்கும் திசையே வேறு, அவருக்கு அந்த முனை பிரச்சினையாக இல்லாமல் போகலாம். யாரை முதலில் சர்வ் போட விடுவது என்பதில் இத்தனை கணக்கு இருக்கிறது. பத்திகளின் தலையில் சின்னதாகச் சூரியன் வரைந்து வையுங்கள், வட்டங்கள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள்.

மூன்றாம் படி: 40-40

பெங்களூரில் அட்வான்டேஜ் கிடையாது, அதாவது 40-40-க்குப் பிறகு இரண்டு புள்ளி முந்த வேண்டியதில்லை. 2006 முதல் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) இரட்டையரில் 40-40 வந்தால் ஒரே புள்ளி, ஜெயித்தவருக்குக் கேம். அந்தப் புள்ளியை வலப்பக்கமா இடப்பக்கமா, எங்கே வாங்குவது என்று வாங்கும் ஜோடிதான் சொல்லும். ஆனால் இருவரும் இடம் மாறிக்கொள்ளக் கூடாது. நான் அந்தப் புள்ளிக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, வாங்கியவர் பெயரின் முதல் எழுத்தை எழுதுவேன். அந்த ஜோடி யாரை நம்புகிறது என்று ஆட்டம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

நான்காம் படி: மூன்றாவது செட்டுக்குப் பதில்

ஆளுக்கொரு செட் என்றால் மூன்றாவது செட் ஆட மாட்டார்கள். 10 புள்ளி டை-பிரேக், 2 புள்ளி வித்தியாசம் வேண்டும். முதலில் சர்வ் போடுபவருக்கு ஒன்று, அதன்பின் ஆளுக்கு இரண்டு. இதற்கும் ஜோடிகள் தங்களுக்குள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். 6 புள்ளிக்கு ஒருமுறை முனை மாறுவதால் மேலே சொன்ன ஒரே முனைக் கணக்கு இங்கே செல்லாது, சூரியனை அழித்துவிடுங்கள்.

பின் சேர்த்தது

விம்பிள்டனை டிவியில் பார்த்து இதே முறையில் எழுதிய ஒருவர், கேம் 40-40-இல் முடியவே இல்லை என்று கேட்டிருந்தார். அங்கே அட்வான்டேஜ் உண்டு, மூன்றாவது செட்டும் முழுசாக ஆடுவார்கள். 2022 வரை ஆண்கள் இரட்டையரில் ஐந்து செட்டே இருந்தது, 2023-இல்தான் மூன்றாகக் குறைத்தார்கள். கட்டத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டால் போதும்.

இன்னொன்று

7-6(0) என்று போட்டிருந்தால் அடைப்புக்குள் இருப்பது தோற்றவர் டை-பிரேக்கில் எடுத்த புள்ளி. போபண்ணா, எப்டன் அந்த ஆஸ்திரேலிய இறுதியின் முதல் செட்டை எடுத்தது இந்த ஸ்கோரில்தான். இரண்டாவது செட் 7-5. இரண்டு செட்டிலும் உங்கள் 12 கட்டமும் நிறைந்திருக்கும்.