இண்டி பேண்டின் 'எளிய' ஆல்பம்: விமர்சனத்தை நம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறேன். விடியற்காலையில் தோட்டங்களைச் சுற்றி ஆட்களை ஏற்றி ஈப்போ பக்கம் இறக்கிவிட்டு, காலிப் பஸ்ஸில் திரும்பும்போது இண்டி ராக், அதாவது பெரிய கம்பெனிகளைச் சாராமல் வளர்ந்த கிட்டார் பேண்டுகளின் பாட்டு, கேட்பது வழக்கம். எங்கள் வட்டாரத்தில் இந்த மாதிரிப் பாட்டுக் கேட்கும் தம்பி தங்கைகள் ஒட்டுக்கடையில் பார்த்தால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, நம்ம பேண்டு புது ஆல்பம் போட்டிருக்கு. எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி மாத்திட்டாங்கன்னு ஒருத்தர் திட்டுறார், அதையே இன்னொருத்தர் புகழ்றார். யாரை நம்புறது?"

முதல் வாரம் யாரையும் நம்ப வேண்டாம் என்பேன். நீங்கள் கேட்டு முடித்த பிறகு விமர்சனத்தைப் படியுங்கள். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க ஆல்பங்கள் வெள்ளிக்கிழமையில் வெளியாகின்றன. பெரும்பாலான ஆல்பங்கள் அந்தந்த நாட்டு நள்ளிரவில் ஸ்ட்ரீமிங்கில் திறந்துவிடும். நம் வெள்ளிக்கிழமை நியூயார்க் வெள்ளிக்கிழமையைவிட அரை நாள் முந்தியது. அங்கே ரசிகர்கள் அடித்துக்கொள்ளத் தொடங்குவதற்குள் நீங்கள் முழு ஆல்பத்தையும் ஒருமுறை கேட்டுவிடலாம். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே பிரதி போயிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் எழுதியது உங்கள் காதுக்குள் ஏறுவதற்கு முன் பாட்டு ஏறிவிடுகிறது அல்லவா, அது போதும்.

கேட்கும்போது இரண்டு இடத்தில் கேளுங்கள். ஒன்று, இரைச்சலில். டீசல் எஞ்சின் ஓடும் பஸ்ஸில் பேஸ் கிட்டார் காணாமலே போய்விடும். கிட்டார்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். கடைசியில் மிஞ்சுவது பாடுபவரின் குரலும் ஸ்னேர் டிரம்மின் அடியும்தான். இண்டி பேண்டின் பழைய ஆல்பங்கள் பல இந்த இரைச்சலில் தோற்றுவிடும், ஏனென்றால் குரலைக் கிட்டார்களுக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். எளிதாக்கிய ஆல்பத்தில் குரல் முன்னால் வந்து நிற்கும். அடுத்து, இரவில் இயர்போன் போட்டுக் கேளுங்கள். இரைச்சலில் நன்றாக இருந்த பாட்டு அமைதியிலும் புதிதாக எதையாவது காட்டுகிறதா? பின்னால் ஒரு ஆர்கன், ஒரு இரண்டாம் குரல், எதிர்பாராத இடத்தில் ஒரு நிறுத்தம்? எதுவுமே இல்லை, பஸ்ஸில் கேட்டதுதான் முழுப் பாட்டும் என்றால், அந்த ஆல்பத்தைத் திட்டியவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கலாம்.

அப்புறம், என்ன மாறியது என்று பெயர் சொல்லிக் கண்டுபிடியுங்கள். 'கமர்ஷியலாகிவிட்டது' என்று சொன்னால் எதுவும் சொன்னதாகாது. குரல் எத்தனையாவது விநாடியில் வருகிறது? கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவி, எப்போது வருகிறது? ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கில் சேரும், அதனால் முன்னிசை சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பது இப்போது நல்ல கேள்வி. தயாரிப்பாளர் மாறினாரா, டிரம்மர் மாறினாரா, வரிகள் புரியத் தொடங்கிவிட்டனவா?

வரிகள் புரிவதைப் பற்றி ஆர்.இ.எம். பேண்டைவிட நல்ல பாடம் கிடையாது. 1983இல் வந்த 'மர்மர்' ஆல்பத்தில் பாடகர் மைக்கல் ஸ்டைப் என்ன பாடுகிறார் என்று ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கே சரியாகப் பிடிபடவில்லை. 1986இல் 'லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்' ஆல்பத்துக்கு டான் கெமன் என்ற தயாரிப்பாளர் வந்தார், ஜான் மெலன்கேம்புக்கு ரேடியோ ஹிட்டுகள் செய்து கொடுத்தவர். அவர் வந்த பிறகு ஸ்டைப்பின் உச்சரிப்பு தெளிந்தது. 1988இல் 'கிரீன்' ஆல்பத்தின் அட்டையில், அந்த பேண்டின் வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒரு பாட்டின் வரிகளை அச்சிட்டார்கள். 1991இல் 'லூசிங் மை ரிலிஜன்' அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. அந்தப் பாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முன்னால் நிற்பது மாண்டலின். வழக்கமான கோரஸ் என்று எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. ஊரெல்லாம் பாடியது அப்படிப்பட்ட ஒரு பாட்டை. எளிமை என்றால் அச்சில் வார்ப்பதுதான் என்று யாராவது எழுதினால் இந்தப் பாட்டைக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குரல் தெளிந்தது 1986இல். அப்போது அவர்கள் ஐ.ஆர்.எஸ். என்ற சின்னக் கம்பெனியில் இருந்தார்கள். வார்னர் என்ற பெரிய கம்பெனிக்குப் போனது 1988இல்தான். 'பெரிய கம்பெனிக்குப் போனார்கள், எளிதாக்கிவிட்டார்கள்' என்று விமர்சனத்தில் வந்தால், உடனே தேதிகளைச் சரிபாருங்கள். பாதி நேரம் கதை கவிழ்ந்துவிடும். மாடஸ்ட் மௌஸ் என்ற அமெரிக்க இண்டி பேண்டு விஷயத்திலும் இதே கதைதான். அவர்கள் எபிக் என்ற பெரிய நிறுவனத்தில் சேர்ந்து போட்ட முதல் ஆல்பம் 2000இல் வந்த 'தி மூன் அண்ட் அண்டார்டிகா'. இருட்டான, நிதானமான ஆல்பம். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் அதற்கு 10க்கு 9.8 கொடுத்தது. ரேடியோவைக் கைப்பற்றிய 'ஃப்ளோட் ஆன்' பாட்டு வந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து, 2004இல். கம்பெனி அதே கம்பெனிதான். மாறியது பாட்டு எழுதியவர்களின் மனநிலை. அதோடு 'ஃப்ளோட் ஆன்' இருக்கும் ஆல்பம் பதிவானபோது அவர்களுடைய பழைய டிரம்மர் கூட இல்லை, வேறொருவர் வாசித்தார். ஒரு நல்ல விமர்சனம் இதையெல்லாம் சொல்லும்.

'ஃப்ளோட் ஆன்' பாட்டை நான் பஸ்ஸில் ஆட்கள் இருக்கும்போதும் போட்டிருக்கிறேன். பொதுவாக எங்கள் பஸ்ஸில் ராகா, மின்னல் என்ற தமிழ் ரேடியோக்கள்தான் ஓடும், அவர்கள் உரிமை அது. ஆனால் ஒரு பாட்டுக்கு இடம் கேட்டால் கொடுப்பார்கள். என் சீட்டுக்குப் பின்னால் உட்காரும் அக்கா கேட்டுவிட்டு, "என்னா தம்பி, போலீஸ் காரை இடிச்சிட்டேன்னு பாடுறானா? இடிச்சிட்டு சந்தோஷமா வேற இருக்கான்" என்றார். பாட்டின் நடு நரம்பையே தொட்டுவிட்டார். வரிகளில் வருவதெல்லாம் கெட்ட சேதி. கார் இடிபடுகிறது, ஒரு மோசடிக்காரனிடம் கைக்காசு போகிறது. கிட்டாரோ விட்டுவிட்டுத் துள்ளுகிறது. அந்த இரண்டும் உரசுவதுதான் பாட்டு. பேண்டைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, அவர் என்ன பிடித்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். பழைய ரசிகர்களின் கோபமும் பெருமையும் இல்லாத ஒரு காது கிடைப்பது பெரிய விஷயம். "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், எந்த இடம் நல்லாருக்கு என்று கேளுங்கள்.

இப்போது விமர்சனத்தைத் திறக்கலாம். மதிப்பெண்ணைக் கடைசியில் பாருங்கள். ஏன் என்பதற்கு லிஸ் ஃபேர் கதை ஒன்று போதும். 1993இல் 'எக்ஸைல் இன் கைவில்' மூலம் இண்டி ரசிகர்கள் கொண்டாடிய பாடகி அவர். 2003இல் தன் பெயரிலேயே ஒரு ஆல்பம் போட்டார். பாப் பாடகி அவ்ரில் லவீனுக்குப் பாட்டு எழுதித் தயாரித்த 'தி மேட்ரிக்ஸ்' குழுவோடு சில பாட்டுகள் செய்திருந்தார். பிட்ச்ஃபோர்க் அதற்குக் கொடுத்தது 0.0. ஒரு பாட்டுக்கூட, ஒரு வரிகூட, எதற்குமே மதிப்பில்லை என்று அர்த்தமா? அந்த விமர்சனத்தை எழுதியவரே 2019இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2021இல் பிட்ச்ஃபோர்க் பழைய மதிப்பெண்கள் சிலவற்றைத் திருத்தியபோது அது 6.0 ஆனது. ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. 2003இல் அந்த எண் அளந்தது, 'எங்கள் ஆள் எங்களை விட்டுப் போய்விட்டாள்' என்ற வருத்தத்தை. எனக்கு அந்த வருத்தம் புரிகிறது. ஆனால் அதைப் பாட்டின் தரம் என்று வாசகரிடம் விற்கக் கூடாது.

மெட்டாகிரிட்டிக் எண்ணையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். அது பல விமர்சனங்களின் சராசரி. சிலருக்குக் கூடுதல் எடை கொடுப்பார்கள், எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். மதிப்பெண் போடாத விமர்சனத்துக்கு அவர்களே படித்துவிட்டு ஒரு எண் போடுவார்கள். கட்சி பிரிக்கும் ஆல்பத்துக்குச் சராசரி ஒன்றுமே சொல்லாது. பாதிப் பேர் 90, பாதிப் பேர் 50 கொடுத்தாலும் 70, எல்லோரும் 70 கொடுத்தாலும் 70. அதனால் மேலே இருக்கும் ஒரு விமர்சனத்தையும் கீழே இருக்கும் ஒன்றையும் திறந்து முழுதாகப் படியுங்கள். நடுவில் இருப்பதை விட்டுவிடலாம்.

படிக்கும்போது, 'பாலிஷ் போட்டது', 'முதிர்ந்தது', 'பாதுகாப்பானது' போன்ற சொல் வந்தால் அடுத்த வாக்கியத்தில் நில்லுங்கள். அங்கே ஒரு பாட்டின் பெயர், ஒரு இடம், ஒரு கருவி வருகிறதா? வந்தால் அந்த விமர்சகரைப் பின்தொடரலாம், உங்கள் முடிவு வேறாக இருந்தாலும். அவர் எந்த வருடத்திலிருந்து ரசிகர், எந்தச் சின்ன மண்டபத்தில் பார்த்தார் என்று வந்தால், அது அவருடைய சுயசரிதை. அதைப் படிக்கலாம், அதை வைத்து ஆல்பத்தைத் தள்ள வேண்டாம்.

இந்தச் சண்டை வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். பினாங்கில் 1960களின் கடைசியில் தொடங்கிய அலிகேட்ஸ் பேண்டின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் ஆங்கிலப் பாட்டில் தொடங்கி, மலாய்ப் பாட்டுக்கு வந்து நாடு முழுக்கக் கேட்கப்பட்டார்கள். நிறைய பேருக்குப் போய்ச் சேரும்படி பாடியதால் லோகநாதனின் குரல் குறைந்துபோனதாக எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நீங்களே விமர்சனம் எழுதுவதாக இருந்தால், தமிழில் எழுதுங்கள், நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. முதலில் என்ன மாறியது, பிறகு அந்த மாற்றம் எந்தப் பாட்டில் பலித்தது, எதில் பலிக்கவில்லை. 'ஃப்ளோட் ஆன்' இருக்கும் அதே ஆல்பத்தில் பாடகர் ஐசக் புரோக் தொண்டை கிழியக் கத்தும் பாட்டும் உண்டு, நியூ ஆர்லியன்ஸ் பித்தளை வாத்தியக் குழுவும் உண்டு. ஒரு ஹிட்டை வைத்து முழு ஆல்பத்தையும் 'எளிது' என்று எழுதியவர் மீதியைக் கேட்டிருக்க மாட்டார். எழுதியதை உடனே அனுப்பாமல் இரண்டு வாரம் வைத்திருங்கள். சீக்கிரம் பிடிக்கும் பாட்டுகளில் சில சீக்கிரம் சலித்தும் விடும், அது தெரிவதற்கு அவ்வளவு நாள் வேண்டும்.

புதிதாக வருபவருக்கு வழி சொல்லும்போது பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள். மாடஸ்ட் மௌஸ் என்றால் 2004 ஆல்பம் முதலில், பிறகு 2000, அதன் பிறகு 1997இல் வந்த 'தி லோன்சம் க்ரௌடட் வெஸ்ட்'. ஆர்.இ.எம். என்றால் 1991இல் தொடங்கி 1986, கடைசியில் 1983. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரமாவது கொடுக்கச் சொல்லுங்கள். 'மர்மர்' கேட்கிற வாரம் பஸ்ஸில் வேண்டாம், இயர்போன்தான்.